யாரும் இறங்கக் கூடாத ஜீப்

ஏனுங்க,

நேற்று மாப்பிள்ளையின் புது வண்டியில் சாமுண்டி மலைக்குப் போய்விட்டு வந்தோம். ஏற்றத்தில் அவர் காலை அழுத்தியதும் பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் வந்தது. வேறு யார் காதிலும் அது விழவில்லை. மகள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், நான் விசிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. மகள் பையை எடுத்தாள், கேட்டைத் திறந்தாள், திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இறங்கும்மா. எங்கே போனாலும் உன்னோட இதே ரோதனை" என்றாள். அந்தக் காலத்தில் உங்களிடம் நான் எரிந்து விழுவேனே, அதே குரல். மாப்பிள்ளை பொறுமையான பிள்ளை. "அத்தை, இந்தக் காலத்து வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம். இஞ்சினையும் அணைச்சாச்சு" என்றார். ஆட்டோக்காரர்கள் இவ்வளவு மரியாதையாகச் சொல்வதில்லை.

இந்தப் பழக்கத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனது நீங்கள். இது நியாயமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். நான் எல்லையில் ஓடுகிற பாலாற்றைத் தாண்டி, மேட்டூர்ப் பக்கமிருந்து வாழ வந்தவள். நீங்கள் கொள்ளேகாலில் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் கன்னடமுமாக வளர்ந்தவர், தமிழ் பேச வருமே தவிர ஒரு எழுத்து படிக்க வராது. நல்லதாகப் போயிற்று. இந்த ஒரு தடவையாவது குறுக்கே பேசாமல் இருப்பீர்கள்.

அந்த ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. விஜயநகரில் நம் தெருவில் வீட்டுக்கு வீடு கதவு வைத்த கார் வந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். நீங்கள் கொண்டுவந்தது மிலிட்டரியில் கழித்துப்போட்ட வண்டி. கதவு கிடையாது, மேலே தார்ப்பாய், உள்ளே யாரோ மாற்றிப்போட்ட பழைய டீசல் இஞ்சின். அதை நிறுத்தச் சாவியைத் திருப்பினால் போதாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது, அதை இழுத்துப் பிடித்தால்தான் இஞ்சின் இருமிக்கொண்டு அடங்கும்.

"நாலு சக்கரமும் இழுக்கும் அம்மிணி. எப்பேர்ப்பட்ட சேத்துல விட்டாலும் ஏறி வந்துரும்" என்றீர்கள்.

எங்கே இருந்தது சேறு? உங்கள் ஃபேக்டரிக்கும் தார் ரோடு, நான் டைப் அடித்த ஆபீசுக்கும் தார் ரோடு. அதைக் கேட்டதற்கு, "மலை இருக்குதல்ல?" என்றீர்கள்.

மலை இருந்தது. அதுதான் வினை. தீபாவளி அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போவது உங்கள் வீட்டு வழக்கம். உங்கள் அக்காமார் மூன்று பேர், தேங்காய் மூட்டை, புளிசோற்றுத் தூக்கு, பாத்திரம் பண்டம், நம் மகள், நான், எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கிளம்புவீர்கள். ஹனூர் வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. தாளபெட்டா தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஜீப்புக்கு மூச்சு வாங்கும். குட்டிக் கியரைப் போட்டால் ஏறும், ஆனால் கால்நடையாக வருகிற பக்தர்கள் நம்மை முந்திப் போவார்கள். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே வந்ததும் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிடும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். பாரத்தைக் குறைக்க எல்லாரும் இறங்கி நடக்கணும்.

முதலில் இறங்குவது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். வண்டி திணறத் தொடங்கும்போதே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை வெளியே வைத்துவிடுவேன். உங்கள் பெரியக்கா தூக்குப் பாத்திரத்தோடு நடந்துகொண்டே, பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். "ஏந்தம்பி, உன்ற ஜீப்பு எங்களை மலைக்குக் கூட்டீட்டுப் போகுதா, நடக்கப் பழக்குதா?" பஸ் ஜன்னலெல்லாம் சிரிக்கும். நீங்கள் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு, காலி வண்டியை மேலே ஓட்டிக்கொண்டு போவீர்கள்.

ஒரு வருசம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் சொன்னீர்கள். "அடுத்த தீவாளிக்கு என்ற வண்டிய விட்டு நடுவழியில ஒருத்தரும் எறங்கக் கூடாது. எறங்குனா ஜீப்பை வித்துப்போடறேன்."

"மாதப்பன் மேல சத்தியமா?" என்று அந்த மலைச்சாமியையே இழுத்தேன்.

"சத்தியமா."

அன்றைக்கே நான் மனசுக்குள் கார் வாங்கி, சீட்டுக்கு உறை தைத்து, பின்னால் ஒரு திருநீற்று டப்பாவும் வைத்துவிட்டேன். நீங்கள் பின்வாங்குகிற ஆளில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் குறுக்கு வழி தேடுகிற ஆள் என்பதை மறந்துவிட்டேன்.

ரெண்டு மாசத்தில் துபாயிலிருந்து உங்கள் சிநேகிதர் கையில் ஒரு பெட்டி வந்தது. பிடித்துத் தூக்க முடியாத கனம். மிக்ஸியோ என்று ஆசையாகப் பிரித்தேன். உள்ளே பெரிய இரும்பு நத்தை ஒன்று துணியில் சுற்றிக் கிடந்தது.

"என்னுங்க இது?"

"டர்போ" என்றீர்கள், குழந்தையைக் கையில் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு. பழைய இஞ்சினுக்குத் தனியாக மாட்டுகிற சாமானாம். வெளியே போகிற புகை இதற்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றுமாம். அந்தச் சுற்றில் இந்தப் பக்கம் இன்னொரு சக்கரம் சுற்றி, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்குமாம். காற்று கூடினால் டீசல் அதிகம் எரியும், டீசல் அதிகம் எரிந்தால் இழுவை கூடும். "வீணாப் போற புகைய வெச்சே மலை ஏறிடலாம் அம்மிணி." அதைச் சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் வைத்திருந்தீர்கள். நாலாவது நாள் சாமி அலமாரியில் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தது. நான் ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

அதோடு நாலு பக்கத்துக்கு ஒரு இங்கிலீஷ் துண்டுத்தாள் வந்தது. அதை நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் இருக்கிற தாள் எல்லாம் சாமான் ஆடாமல் இருக்க வைத்தது என்பது உங்கள் எண்ணம். நான் எதையும் படிக்காமல் போடமாட்டேன். படித்தேன்.

பன்னிமண்டபம் பக்கம் பட்டறை வைத்திருந்த நஞ்சுண்டாவிடம் கொண்டுபோனீர்கள். அவர் நத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆகல்ல சார்" என்றாராம். ஆகாது என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவரைக் கரைத்தீர்கள். புகைக்குழாயோடு டர்போ பொருந்தவில்லை, நடுவில் வைக்க லேத்தில் ஒரு தட்டுக் கடைந்தார். டர்போவுக்கு எண்ணெய் போக இஞ்சினிலிருந்து சின்னக் குழாய் இழுத்தார். அந்த எண்ணெய் திரும்பி வந்து விழ, இஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றி ஓட்டை போட்டுப் பற்றவைத்தார். பேட்டரிக்கு இடமில்லாமல் அது என் கால்மாட்டுக்கு வந்தது. அதெல்லாம் பட்டறையோடு போயிருந்தால் நான் ஏன் பேசுகிறேன்? தொட்டியில் இரும்புத் தூள் இருக்கிறதா பார்க்கணும் என்று என் காபி வடிகட்டியை எடுத்துக்கொண்டு போனீர்களே! புதுசு ஒன்று வாங்கி வந்தீர்கள், அது காபித்தூளையும் சேர்த்து விட்டது.

டீசல் கூடுதலாகப் பாய அதன் திருகாணியை வேறு கொஞ்சம் திருகிவிட்டீர்கள். மறுநாள் காலையில் கிளப்பியதும் கரும்புகை எதிர்வீட்டுக் கொடிக்குப் போயிற்று. அந்தப் பென்ஷன்காரர் தம் வெள்ளை வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். நீங்கள் பானெட்டைத் திறந்து, டர்போவைக் காட்டி, அரைமணி நேரம் விளக்கினீர்கள். வந்த காரியத்தை மறந்து அவரும் கேட்டுக்கொண்டு நின்றார். வேட்டியை நான்தான் துவைத்துக் கொடுத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு ஏறினோம். தாளபெட்டா தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து விசில் கிளம்பியது. பெரியக்கா, "குக்கர் வெச்சிருக்கியா தம்பி?" என்றார். நீங்கள் காலை இன்னும் அழுத்தினீர்கள். அந்த வளைவு வந்தது. பழக்கத்தில் நான் புடவையைச் செருகினேன். "கால உள்ள வைய்யி அம்மிணி!" என்று கத்தினீர்கள். ஜீப் ஒரு உறுமு உறுமி வளைவைத் திரும்பி மேலே ஏறியது. முன்னால் போன பஸ்ஸையே தாண்டினோம். அக்காமார் மூன்று பேரும் "உகே மாதப்பா!" என்று சாமிக்கு ஜே போட, நானும் போட்டேன். கார் ஆசை போன துக்கத்தோடு போட்டேன், ஆனாலும் வாய் நிறையப் போட்டேன். உங்கள் காது சிவந்திருந்தது.

மேலே கோயில் தோரண வாயில் வந்ததும் அந்தக் கறுப்புக் குமிழை ஒரே இழுப்பாக இழுத்தீர்கள். இஞ்சின் பட்டென்று நின்றது.

"ஐயோ, அணைக்காதீங்க" என்றேன். பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்தேன். "ஏத்தம் ஏறி வந்ததும் உடனே நிறுத்தக் கூடாது, ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டு நிறுத்தணும்னு போட்டிருக்குது. டர்போ கொதிச்சுக் கெடக்குமாம். இஞ்சின் ஓடுனாத்தான் எண்ணெய் போகுமாம்."

நீங்கள் செருப்பைக் கழற்றி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னீர்கள். "மாதப்பன் வாசல்ல வண்டி உறுமிக்கிட்டு நிக்கலாமா? எங்கூட்டுல வழக்கமே இல்ல. வந்ததும் அணைக்கோணும், எறங்கிக் கும்புடோணும்."

"சாமிக்கு ரெண்டு நிமிசம் பொறுக்காதா?"

"உனக்கு எல்லாம் தாள்ல இருக்கோணும்."

அந்த வருசம் அமாவாசைக்கு அமாவாசை போனோம். ஜீப் ஏறுகிறது என்பதற்காகவே போனோம். ஒவ்வொரு தடவையும் மலையெல்லாம் விரட்டிக் கொதிக்கவைத்து, வாசலில் கொண்டுபோய்ப் பட்டென்று நிறுத்தினீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் தாளை எடுத்தேன். நாலாவது தடவை தாளைப் பிடுங்கி, மகளின் மூக்கைத் துடைத்தீர்கள்.

அடுத்த தீபாவளிக்கு அதே வளைவில் விசில் கிறீச்சென்று மாறியது. பின்னால் நீலப் புகை, ரோடே தெரியவில்லை. வண்டி நின்றது. அக்காமார் இறங்கினார்கள். எப்போதும் வாய் ஓயாத பெரியக்கா உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நஞ்சுண்டா டர்போவைப் பிரித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுற்ற வேண்டிய தண்டில் எண்ணெய் கருகிக் கட்டிதட்டி ஒட்டியிருந்தது. தாளித்த கரண்டியை அடுப்பிலேயே மறந்துவிட்டால் அடியில் பிடிக்குமே, அந்தக் கறுப்பு. எனக்கு ஒன்றும் புதுசில்லை. நாலு பக்கத் தாளில் மூன்றாவது பக்கம்.

அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. "வித்துப்போடறேன் அம்மிணி. சத்தியம் பண்ணியிருக்கறேன்" என்றீர்கள். ஜெயித்துவிட்டேன். என் கார் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். "மாதப்பன் மேலதான சத்தியம், அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன். சரிபண்ணி இன்னொருக்கா மாட்டுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாயைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

அதோடு நின்றேனா? அட்டையில் "எரடு நிமிஷ" என்று உங்களுக்குப் படிக்க வருகிற கன்னட எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதி, அந்தக் கறுப்புக் குமிழுக்கு மேலே ஒட்டினேன். ரெண்டு நிமிசம். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஒரு வருசம் கேட்காத மனுசன், கேட்கத் தொடங்கினால் இப்படியா கேட்பது? மலையில் சரி. கோயில் தோரண வாயிலுக்கு நூறடி முன்னாலேயே நிறுத்தி, ரெண்டு நிமிசம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுக் கும்பிடப் போனீர்கள். சாமிக்கும் டர்போவுக்கும் சண்டையில்லாமல் தீர்த்துவிட்டீர்கள், சந்தோசம். ஆனால் அரை மைல் தூரத்தில் இருக்கிற பால் பூத்துக்கும் ரெண்டு நிமிசமா? கல்யாண மண்டப வாசலில், பின்னால் மணமகன் கார் நிற்க, மேளக்காரர்கள் காத்திருக்க, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே! "மேட்டுல ஏறலீங்களே, மெதுவாத்தான வந்தோம், இதுக்கு எதுக்கு ரெண்டு நிமிசம்?" என்றால், "தாள்ல இருக்குது" என்றீர்கள். என் ஆயுதத்தையே பிடுங்கி என்னை அடித்தீர்கள்.

அதில் இன்னொரு சட்டம் வேறு. அந்த ரெண்டு நிமிசமும் யாரும் இறங்கக் கூடாது. "எல்லாரும் இருங்க. சேந்து எறங்கலாம்." அக்காமார் இருந்தார்கள். மகள் இருந்தாள். நான்தான் இருக்கமாட்டேன். அடுப்பில் பருப்பு, கொடியில் துணி, வாசலில் பால், எனக்கு எத்தனை வேலை! ஜீப் நிற்பதற்கு முன்னாலேயே என் கால் தரையில் இருக்கும்.

"இரு அம்மிணி, ரெண்டே நிமிசம். உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"உள்ள வந்து சொல்லுங்க."

உள்ளே வந்தால் சொல்லமாட்டீர்கள். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். "என்னமோ சொல்லோணும்னீங்களே?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பீர்கள். வீட்டுக்குள் வாய் திறக்காத ஆளுக்கு ஜீப்பில் மட்டும் என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாக வரும். எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீர்கள்? நான் எண்ணவில்லை. எண்ணாமல் போனது நல்லது.

அன்றைக்கும் அப்படித்தான். மார்க்கெட்டிலிருந்து வந்தோம். ஒரு மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் இட்லிக்கு ஆட்டியாகணும். பையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

"இரு அம்மிணி" என்றீர்கள்.

"உங்களுக்கும் உங்க ஜீப்புக்கும் வேற வேலையில்ல, எனக்கு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் கிரைண்டரைப் போட்டேன்.

உளுந்து பாதி அரைந்திருக்கும்போதும் வாசலில் இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரெண்டு நிமிசம் எப்போதோ முடிந்துவிட்டது. என்னைக் கடுப்பேற்றத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். மாவுக் கையோடு ஜன்னலுக்கு நேராகக் கத்தினேன். "அணைங்க! டீசல் என்ன காவேரித் தண்ணியா?" உங்களிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். எத்தனையோ நல்ல வார்த்தை தமிழில் இருக்கிறது.

கரண்ட் போயிற்று. கிரைண்டர் நின்றது. வீடு முழுக்க அமைதி, வாசலில் அந்த இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கில் ஒரு கை வைத்தபடி சாய்ந்திருந்தீர்கள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் ஓடி வந்தார். அடுத்த தெரு டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து உங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பென்ஷன்காரர் இஞ்சினை நிறுத்தக் கறுப்புக் குமிழில் கை வைத்தார்.

"தொடாதீங்க" என்றேன். "ரெண்டு நிமிசம் ஆகட்டும்."

அரைமணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. அவர் என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். நான் சுற்றி வந்து என் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கையில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. உங்கள் சீட்டில் இன்னும் சூடு இருந்தது, தொட்டுப் பார்த்தேன். எதிரே நம் வீட்டு வாசல், நான் அவசரத்தில் திறந்து போட்டுவிட்டு ஓடிய கதவு. இங்கே உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள் இத்தனை வருசமும். ரெண்டு நிமிசம் முழுசாக உட்கார்ந்தேன். பிறகு குமிழை நானே இழுத்தேன்.

ஜீப்பை நஞ்சுண்டாவே எடுத்துக்கொண்டார். நான் ஆசைப்பட்ட கார் வாங்கவே இல்லை, ஓட்ட ஆளில்லாமல் எதற்கு? அட்டையை மட்டும் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டேன், பசை பிடித்த இடத்தில் அந்த ஜீப்பின் பச்சைப் பெயிண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

அன்றிலிருந்து எந்த வண்டி நின்றாலும் என்னால் உடனே இறங்க முடியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் திட்டுகிறார். ஆட்டோக்காரர், "இறங்கம்மா, வேற சவாரி இருக்கு" என்கிறார். மகள் இடுப்பில் கை வைத்துக்கொள்கிறாள். அடுப்பில் பருப்பு தீய்ந்தாலும் தீயட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய இம்சை என் கழுத்தில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள், தெரியுமா உங்களுக்கு?

நேற்றும் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "நீங்க உள்ள போங்க தம்பி, நான் வர்றேன்" என்றேன். போய்விட்டார்கள். கண்ணாடி வழியாக வாசல் தெரிந்தது, மகள் கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

சொல்லுங்க. நான் இறங்கலை.